வூலர் ஏரியில் மலர்ந்த தாமரை

காஷ்மீர்ப் பள்ளத்தாக்கின் வடபகுதியில், மலைகள் சூழ வூலர் ஏரி பரந்து கிடக்கிறது. இந்தியாவின் மிகப் பெரிய நன்னீர் ஏரிகளுள் இது ஒன்று. வெரிநாகில் தோன்றி ஸ்ரீநகரைக் கடந்து வரும் ஜீலம் ஆறு இந்த ஏரிக்குள் புகுந்து, சோப்பூர் நகரை நோக்கி வெளியேறுகிறது. கோடைக்காலத்தில் ஏரியின் கரையோரங்களில் செந்தாமரை மலரும். காஷ்மீர மக்கள் அம்மலரைப் ‘பம்போஷ்’ என்பர். சேற்றுக்குள் விளையும் அதன் கிழங்குக்கு ‘நத்ரு’ என்று பெயர். தயிரில் வேகவைத்த நத்ருவும், மாவில் தோய்த்துப் பொரித்த நத்ருவும் அந்நாட்டு உணவில் சிறப்பிடம் பெற்றவை. கரையோரச் சிற்றூர்களைச் சேர்ந்த பல குடும்பங்கள் படகில் சென்று, நீண்ட கழியால் அக்கிழங்கை இழுத்தெடுத்து விற்றுப் பிழைத்து வந்தன.

1992ஆம் ஆண்டில் பெருவெள்ளம் வந்தது. வெள்ளம் வடிந்த பின்னும் அது சுமந்து வந்த வண்டல் ஏரிக்குள்ளேயே தங்கிவிட்டது. தாமரை வேரூன்றியிருந்த சேற்றின் மேல் அவ்வண்டல் தடித்த போர்வையாகப் படிந்தது. அடுத்த கோடையில் மலர் இல்லை. அதற்கடுத்த கோடையிலும் இல்லை. நத்ரு எடுத்த குடும்பங்கள் வேறு தொழில்களைத் தேடின. தாமரை நிறைந்த வூலரைக் கண்டிராத ஒரு தலைமுறையே அக்கரைகளில் வளர்ந்து ஆளாயிற்று.

பின்னர், 2020ஆம் ஆண்டு முதல் ஏரியில் தூர் வாரும் பணி முனைப்புடன் நடைபெற்றது. வண்டல் அகற்றப்பட்ட பகுதிகளில் அகன்ற பச்சை இலைகள் தலைகாட்டின. 2025ஆம் ஆண்டுக் கோடையில் வூலர் ஏரி மீண்டும் இளஞ்சிவப்பு நிறம் பூண்டது. தாமரை அழிந்துவிடவில்லை; வண்டலுக்கு அடியில் புதைந்து கிடந்தது என்று ஏரியைப் பராமரிக்கும் அலுவலர்கள் விளக்கினர்.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரு செடி எவ்வாறு மறைந்திருந்து மீண்டது? இதற்கு விடை காண, தாமரையின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் அறிய வேண்டும்.

சேற்றில் மூச்சுவிடும் கிழங்கு

தாமரையின் கிழங்கைச் சிலர் வேர் என்பர். சிலர் தண்டு என்பர். சந்தையில் ‘தாமரைத் தண்டு’ என்றே அது விற்கப்படுகிறது. உண்மையில் அது மண்ணுக்குள் கிடையாகப் படர்ந்து செல்லும் தண்டு. தாவரவியலில் இதனை மட்டநிலத்தண்டு என்பர். இஞ்சியும் மஞ்சளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. கிழங்கின் கணுக்களிலிருந்து மேல்நோக்கி இலையும் மலரும் எழும்; கீழ்நோக்கி மெல்லிய வேர்கள் இறங்கும். கோடையில் இலைகள் செய்யும் உணவு இக்கிழங்கில் சேமிக்கப்படுகிறது. குளிர்காலத்தில் இலைகள் கருகி மறைந்தாலும், கிழங்கு சேற்றுக்குள் உயிரோடு இருந்து, வேனில் வந்ததும் மீண்டும் தளிர்க்கும்.

ஆனால் சேற்றில் வாழ்வது எளிதன்று. உயிருள்ள உறுப்புகள் யாவும் சுவாசிக்க வேண்டும். வயல் மண்ணில் துகள்களுக்கு இடையே காற்று உண்டு. ஏரிச் சேற்றிலோ ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை. அப்படியாயின் கிழங்கு மூச்சுவிடுவது எங்ஙனம்?

கிழங்கைக் குறுக்கே வெட்டினால் விடை கண்ணுக்குத் தெரியும். வெட்டிய வில்லையில், சக்கரம் போல வட்டமாக அமைந்த துளைகள் காணப்படும். அவை அழகுக்காக அமைந்தவை அல்ல; காற்று செல்லும் குழாய்கள். இலைக்காம்பினுள்ளும் இத்தகைய குழாய்கள் உள்ளன. வெயிலில் இலையின் உட்பகுதி வெதுவெதுப்பும் ஈரமும் கொண்டிருக்கும். வெளியே உள்ள உலர்ந்த காற்று நுண்துளைகள் வழியே உள்ளே பரவ, இலைக்குள் காற்றழுத்தம் சற்றே உயர்கிறது. அவ்வழுத்தம் காற்றைக் காம்பின் வழியே கீழே தள்ளிக் கிழங்கை அடையச் செய்கிறது. கிழங்கைச் சுற்றிய காற்று வேறு குழாய்களின் வழியே மேலேறி, இலையின் நடுவிலுள்ள சிறு வட்டத்தில் அமைந்த பெரிய துளைகளால் வெளியேறுகிறது. ஒரே இலை காற்றை உள்ளே வாங்கும் வாயிலாகவும், வெளியே விடும் வாயிலாகவும் விளங்குகிறது.

கிழங்கை ஒடித்தால், ஒடிந்த இரு துண்டுகளுக்கும் இடையே சிலந்தி நூல் போன்ற இழைகள் நீளும். நீரைக் கடத்தும் நுண்குழல்களின் சுவரில் சுருளாக அமைந்த தடிப்புகளே அவ்வாறு பிரிந்து நீள்கின்றன. மியான்மரின் இன்லே ஏரிப் பகுதியில், தாமரைக் காம்பிலிருந்து இத்தகைய நூலை எடுத்துத் துணி நெய்கின்றனர்.

நீரோடு உயரும் காம்பு

ஏரியில் நீர்மட்டம் என்றும் ஒரே அளவில் இருப்பதில்லை. பனி உருகும் காலத்திலும் மழைக்காலத்திலும் அது உயரும். அதற்கேற்பத் தாமரையின் இலைக்காம்பும் மலர்க்காம்பும் நீண்டு வளர்கின்றன. இவ்வியற்கை உண்மையைத் திருவள்ளுவர் நன்கு அறிந்திருந்தார். ‘ஊக்கமுடைமை’ என்னும் அதிகாரத்தின் 595ஆம் குறள், நீர்ப்பூவின் காம்பு நீரின் ஆழத்துக்கு ஏற்ப நீள்வதை, மனிதரின் உயர்வு அவரது ஊக்கத்துக்கு ஏற்ப அமைவதற்கு உவமையாக்குகிறது.

எனினும் இவ்வளர்ச்சிக்கும் ஓர் எல்லை உண்டு. நீர் மெல்ல மெல்ல உயர்ந்தால் காம்பு அதனைத் தொடர்ந்து செல்லும். திடீரென வெள்ளம் புகுந்து இலைகளைப் பல நாள் மூழ்கடித்தால், மேலிருந்து கீழே செல்லும் காற்று நின்றுவிடும். கிழங்குக்கு மூச்சு அடைபடும்.

நீர் ஒட்டாத இலை

தாமரையின் முதல் இலைகள் நீரில் மிதக்கும். பின்னர் வரும் இலைகள் நீர்மட்டத்துக்கு மேலே குடை போல எழுந்து நிற்கும். காம்பு இலையின் ஓரத்தில் பொருந்தாமல் அடிப்பரப்பின் நடுவில் பொருந்தியிருக்கும். நன்கு வளர்ந்த இலை அரை மீட்டருக்கும் அதிகமான அகலம் கொண்டது.

ஒட்டியும் ஒட்டாமலும் பழகுபவரைத் ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று தமிழர் கூறுவர். இலைமேல் விழும் நீர் பரவாமல் முத்துப் போல உருண்டு ஓடுவதே இவ்வுவமையின் அடிப்படை. நீர் ஏன் ஒட்டுவதில்லை? இலையின் மேற்பரப்பு வழவழப்பாகத் தோன்றினாலும், நுண்ணோக்கியின் கீழ் அது கரடுமுரடாகக் காட்சியளிக்கும். எண்ணற்ற நுண்முகடுகள் நெருக்கமாக நிற்கும். ஒவ்வொரு முகட்டின் மேலும் மிக நுண்ணிய மெழுகுக் குழல்கள் படிந்திருக்கும். நீர்த்துளி அம்முகடுகளின் உச்சியில் மட்டுமே தங்குகிறது. முகடுகளுக்கு இடையே காற்று நிற்கிறது. ஆகவே துளி உருண்டையாகவே இருந்து, இலை சற்றுச் சாய்ந்தாலும் உருண்டு விழுகிறது. போகும் வழியில் தூசியையும் அள்ளிக்கொண்டு செல்கிறது.

ஜெர்மனி நாட்டுத் தாவரவியல் அறிஞர்களான வில்ஹெல்ம் பார்த்லாட், கிறிஸ்டோஃப் நைன்ஹுயிஸ் ஆகியோர் 1997ஆம் ஆண்டில் இதனை விரிவாக விளக்கினர். இப்பண்புக்குத் ‘தாமரை விளைவு’ என்று பெயர் வழங்கலாயிற்று. மழை பெய்தால் தானே தூய்மையாகும் சுவர் வண்ணங்கள் இதனைப் பின்பற்றி உருவாக்கப்பட்டன.

இத்தூய்மையால் தாமரைக்கு என்ன பயன்? நிலத்தில் வாழும் பெரும்பாலான மரஞ்செடிகளின் இலைத்துளைகள் இலையின் அடிப்புறத்தில் மிகுந்திருக்கும். தாமரையிலோ அவை மேற்புறத்தில் அமைந்துள்ளன. மேற்புறத்தில் நீரும் தூசியும் பூஞ்சை வித்துகளும் படிந்தால் துளைகள் அடைபடும். ஆகவே தாமரை இலையின் தூய்மை, அடியில் சேற்றில் கிடக்கும் கிழங்கின் மூச்சுக்கும் துணையாகிறது.

வெப்பம் தரும் மலர்

தாமரை மொட்டு நீருக்கு மேலே உயர்ந்த காம்பில் தனித்து நிற்கும். ஒரு மலரின் வாழ்நாள் ஏறத்தாழ நான்கு நாள்களே. முதல் நாளில் மலர் சற்றே விரிகிறது. அன்று அதன் சூல்முடிகள் மகரந்தத்தை ஏற்கும் நிலையில் உள்ளன. மகரந்தத்தாள்கள் இன்னும் பக்குவமடையவில்லை. மறுநாள் மலர் அகல விரிந்து மகரந்தத்தை உதிர்க்கிறது. அப்போது சூல்முடிகள் ஏற்கும் நிலையைக் கடந்துவிடுகின்றன. இதனால் ஒரு மலரின் மகரந்தம் அதே மலரில் சேர்வது குறைந்து, வேறொரு மலரைச் சேர்வதற்கு வழி ஏற்படுகிறது. பின்னர் இதழ்கள் ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

இம்மலருக்கு வியப்பூட்டும் மற்றொரு பண்பும் உண்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரத் தாவரவியல் பூங்காவில் தாமரை மலர்களின் வெப்பநிலையை ஆய்வாளர்கள் அளந்தனர். ஆய்வு முடிவுகள் 1996ஆம் ஆண்டில் வெளியாயின. சுற்றியுள்ள காற்றின் வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கு இறங்கிய போதும், மலரின் உட்பகுதி 30 முதல் 36 பாகை வரை வெப்பமாகவே இருந்தது. குளிர் மிகுந்தால் மலர் அதிக வெப்பத்தை உண்டாக்கியது. குளிர் குறைந்தால் வெப்பத்தைக் குறைத்துக்கொண்டது. விலங்குகள் தம் உடல் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பது போன்றது இது. மலரின் மணத்தைப் பரப்பவும், மகரந்தச் சேர்க்கைக்கு உதவும் வண்டுகளுக்கு வெதுவெதுப்பான தங்குமிடம் தரவும் இவ்வெப்பம் உதவுவதாக அறிவியலார் கருதுகின்றனர்.

காத்திருக்கும் விதை

மலரின் நடுவே கவிழ்த்து வைத்த கூம்பு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதன் மேற்பரப்பு தட்டையானது. தமிழ் இலக்கியம் இதனைப் ‘பொகுட்டு’ என்று அழைக்கிறது. பொகுட்டின் குழிகளில் ஒவ்வொன்றாகச் சூலகங்கள் பதிந்திருக்கும். இதழ்கள் உதிர்ந்த பின் பொகுட்டு பருத்துப் பழுப்பு நிறமடைந்து தலைசாயும். இறுதியில் காம்பிலிருந்து பிரிந்து நீரில் விழுந்து மிதக்கும். அதிலிருந்து விடுபடும் கொட்டைகள் நீரின் அடியில் சென்று சேற்றில் புதையும்.

பச்சையாக இருக்கும்போது இக்கொட்டையை எளிதில் உரித்து உண்ணலாம். முற்றி உலர்ந்த பின் அது கல்லைப் போல இறுகிவிடும். அதன் ஓடு நீரையும் காற்றையும் உள்ளே விடாது. ஓட்டில் கீறல் விழுந்தாலன்றி விதை முளைக்காது. எனவேதான் தாமரை வளர்ப்போர் விதையின் ஒரு முனையைத் தேய்த்த பின்னரே நீரில் இடுகின்றனர். இயற்கையில் ஓடு சிதைந்து நீர் உட்புகும் நாள் வரை விதை சேற்றுக்குள் உறங்கும்.

எத்தனை காலம் உறங்கும்? ஜப்பான் நாட்டில் சிபா என்னும் இடத்தில், தாவரவியல் அறிஞர் ஓகா இச்சிரோ 1951ஆம் ஆண்டில் நிலத்தின் ஆழத்திலிருந்து மூன்று தாமரை விதைகளைக் கண்டெடுத்தார். அவற்றுள் ஒன்றிலிருந்து வளர்ந்த செடி 1952ஆம் ஆண்டில் இளஞ்சிவப்பு மலரைத் தந்தது. அவ்விடத்தில் கிடைத்த பழைய மரப்படகின் வயதைக் கொண்டு, அவ்விதைகள் ஏறத்தாழ 2000 ஆண்டுப் பழமையானவை என்று கணித்தனர். படகின் வயதும் விதையின் வயதும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டுமா என்ற ஐயம் அப்போது எழுந்தது. சீனாவின் வடகிழக்கில் வறண்டுபோன ஏரியொன்றின் படுகையிலிருந்து எடுத்த விதைகளில் அந்த ஐயத்துக்கு இடமில்லை. ஜேன் ஷென்-மில்லர் என்னும் அமெரிக்க அறிஞரும் அவருடைய குழுவினரும் முளைத்த விதையின் வயதையே கரிமக் கணிப்பு முறையில் அளந்தனர். ஏறக்குறைய 1300 ஆண்டுகளுக்கு முற்பட்ட விதை முளைத்ததென்று 1995ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்டனர்.

1300 ஆண்டுகள் காத்திருக்க வல்ல விதைக்கு முப்பது ஆண்டுகள் நெடுங்காலம் அன்று. வூலர் ஏரியின் வியப்புக்கு அறிவியல் தரும் விளக்கம் இதுவே.

கரையில் நிற்கும் உறவினர்

தாமரையையும் அல்லியையும் ஒரே இனமென்று பலர் எண்ணுவர். இரண்டும் நீரில் வாழ்கின்றன. இரண்டின் மலரும் ஓரளவு ஒத்திருக்கும். ஆனால் அல்லியின் இலையில் ஒரு பிளவு இருக்கும். இலை நீரின்மேல் படிந்து மிதக்கும். தாமரை இலையில் பிளவு இல்லை. அல்லி மலரின் நடுவே பொகுட்டும் இல்லை. பீகார் மாநிலத்தின் மிதிலைப் பகுதியில் விளையும் ‘மக்கானா’வைத் தாமரை விதை என்று கருதுவோரும் உண்டு. அது முள் நிறைந்த இலைகளை உடைய, அல்லிக் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு செடியின் விதையாகும்.

தாமரையின் உண்மையான உறவினர் எவர்? மரபணு ஆய்வுகள் எதிர்பாராத விடையைத் தந்தன. காஷ்மீரின் பெருமைக்குரிய சினார் மரமே தாமரைக்கு நெருங்கிய உறவு. இலையுதிர் காலத்தில் செந்நிறம் கொள்ளும் அந்த நெடுமரமும், நீரில் நிற்கும் இம்மென்செடியும் ஒரே வரிசையில் அடங்குகின்றன. பல கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்த இரு கிளைகளுள் ஒன்று நிலத்தில் மரமாயிற்று. மற்றொன்று நீரில் மலராயிற்று. ஸ்ரீநகரின் தால் ஏரியில் நீருக்குள் தாமரையையும் கரையில் சினாரையும் ஒருங்கே காணலாம். பார்வைக்கு ஒத்திருப்பவை எல்லாம் உறவல்ல. உறவெல்லாம் பார்வைக்கு ஒத்திருப்பதும் இல்லை.

ஏரி இருந்தால் மலர் இருக்கும்

வூலர் ஏரி 1990ஆம் ஆண்டில் ராம்சர் உடன்படிக்கையின்கீழ் உலகளவில் சிறப்புடைய ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. எனினும் அறிவிப்பு மட்டும் ஏரியைக் காக்கவில்லை. மலைச்சரிவுகளில் காடுகள் அழிந்ததால் மண் அரிப்பு மிகுந்தது. விறகுத் தேவைக்காக ஏரிப் படுகையில் நடப்பட்ட வில்லோ மரங்கள், நீரோடு வந்த வண்டலைத் தடுத்துத் தேக்கின. கரைகள் வயல்களாயின. நூறாண்டுக் காலத்துக்குள் ஏரியின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கியது. 1992ஆம் ஆண்டின் வெள்ளம் தாமரையை மறைத்தது உண்மை. ஆனால் அவ்வெள்ளத்தின் வண்டல் தங்குவதற்கு முன்பே இடம் அமைத்துக் கொடுத்தவர்கள் மனிதர்களே.

தாமரை பல இடையூறுகளை வெல்ல வல்லது. காற்றில்லாத சேற்றுக்குக் குழாய் அமைத்துக் காற்றைக் கொண்டு செல்கிறது. உயரும் நீரோடு தானும் உயர்கிறது. தூசியை மழை நீரால் கழுவிக்கொள்கிறது. காலம் பாழானால் விதையாகிக் காத்திருக்கிறது. ஆனால் தன்மேல் படிந்த வண்டலைத் தானே அகற்ற அதனால் இயலாது. அச்செயலை மனிதர் செய்தபோது வூலர் ஏரியில் மலர் திரும்பியது; நத்ரு எடுக்கும் படகுகளும் திரும்பின. செடியின் பொறுமையும் மனிதரின் உழைப்பும் சேர்ந்த இடத்தில் ஏரி உயிர்பெற்றது.

அருஞ்சொற்பொருள்

வண்டல் – நீர் அடித்து வந்து படியும் நுண்மண்
தூர் வாருதல் – நீர்நிலையின் அடியில் படிந்த மண்ணை அகற்றுதல்
கணு – தண்டில் இலை தோன்றும் இடம்
சூல்முடி – மகரந்தத்தை ஏற்கும் பெண் உறுப்பின் நுனி
பொகுட்டு – தாமரை மலரின் நடுவில் உள்ள, விதைகள் பதிந்த கூம்பு
ஈரநிலம் – நீர் தேங்கி நிற்கும் நிலப்பகுதி

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தாமரைக் கிழங்கை வேர் என்று கூறுவது ஏன் பொருந்தாது?
2. கிழங்கின் வில்லையில் காணப்படும் துளைகளின் பயன் யாது?
3. தாமரையின் இலைத்துளைகள் எப்புறத்தில் உள்ளன?
4. அல்லி இலைக்கும் தாமரை இலைக்கும் உள்ள வேறுபாட்டை எழுதுக.

ஆ. ஐந்து தொடர்களுக்குக் குறையாமல் விடை எழுதுக.
1. தாமரை இலையில் நீர் ஒட்டாமைக்குக் காரணம் என்ன? அது கிழங்குக்கு எவ்வாறு உதவுகிறது?
2. வூலர் ஏரியில் தாமரை மறைந்ததற்கும் மீண்டதற்கும் உரிய காரணங்களைத் தொகுத்து எழுதுக.

இ. பிரித்து எழுதுக.
செந்தாமரை, நன்னீர், பெருவெள்ளம், நெடுமரம்

ஈ. சொற்றொடரில் அமைத்து எழுதுக.
தாமரை இலைத் தண்ணீர் போல

உ. செயல்பாடு
வீட்டுக்கு அருகிலுள்ள சந்தையில் தாமரைக் கிழங்கு எப்பெயரால் விற்கப்படுகிறது என்று கேட்டு அறிக. பெரியவர் ஒருவரின் துணையோடு அதனைக் குறுக்கே வெட்டி, துளைகளை எண்ணி, அதன் படத்தை வரைந்து உறுப்புகளைத் தமிழில் குறிக்க.